அப்பாவின் சீனக் கூத்து

8 ஒக்ரோபர் 2006, ஞாயிறு

காருக்குக் குளிர்கால டயர் மாற்ற ஒதுக்கிய பின்னேரம் வீணாய்ப் போனது. அப்பாவைச் சீனக் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்து மனுசன், அறுபதைத் தொடப்போகிறவர், கோடையில்தான் இடுப்பில், நாரியில், ஒப்பரேசன் செய்தவர். பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் சாரதி. "நீ உள்ளை வரத் தேவையில்லை, காருக்குள்ளை இரு" என்றார். மழை கொட்டியது. உள்ளே போனேன்.

நகரத்து நடுவில், கிரொன்லாண்ட் பக்கம் ஒரு பழைய மண்டபம். காற்றோட்டம் பூச்சியம். கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். ஹொங்கொங், வியட்நாம் பக்கமிருந்து வந்த சீனர்கள் ஒரு சங்கம் வைத்து மாதத்தில் ஒரு ஞாயிறு ஆடுகிறார்களாம். மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, வேறொன்றும் இல்லை. தாளம் அடித்தால் பல்லுக்குள் கூசுகிறது. ஒரே எழுத்தை இழுக்கிறார்கள், மடிக்கிறார்கள், திரும்பவும் இழுக்கிறார்கள். சனமோ பாட்டு நடக்கும்போதே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கதைக்குது. முன்வரிசையில் ஒருவரை 'உஸ்' என்றேன். அவர் திரும்பி எனக்கும் ஒரு பிடி விதை தந்தார்.

அப்பாவுக்கு ஒரு வரி விளங்காது. சீன உணவகக் குசினியில் அத்தனை வருடம் நின்று அவர் பழகிய சீனம் 'கெதியா', 'சூடு', 'சாப்பிட்டாச்சோ' — அவ்வளவுதான். ஆனால் அசையாமல் இருந்து பார்த்தார். அம்மா செத்தபிறகு இந்த மனுசன் ஓர் இடத்தில் முழுசாய் இருந்து நான் கண்டதில்லை. வீட்டில் டிவிக்கு முன்னால் இருப்பார், ஆனால் அங்கே இருக்க மாட்டார்.

இதில் என்ன இருக்கு என்று வரும் வழியில் கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றார். இது ஒரு பதிலா?

11 ஒக்ரோபர்

டயர் மாற்றியாச்சு.

5 நவம்பர், ஞாயிறு

காலையிலேயே வீடெல்லாம் கொத்தமல்லி மணம். அப்பா மல்லியும் இஞ்சியும் அவித்து வடித்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு நின்றார். தடிமனோ என்று கேட்டேன். இல்லையாம். கூத்துக்குக் கொண்டு போகிறாராம். தலை இழுத்து, நல்ல சேட் போட்டு, முகத்துக்கு ஏதோ வாசனையும் பூசியிருந்தார்.

இந்த முறை கதை கொஞ்சம் பிடிபட்டது. பக்கத்தில் இருந்த பெண் இந்த நாட்டு மொழியில், நொர்ஸ்கில் சொன்னாள். படித்த பெடியன் ஒருவன் சோதினை எழுதத் தலைநகருக்குப் போகிறான். பெட்டை ஆறு கடக்கும்வரை கூடப் போகிறாள். படகே இல்லை. ஒரு துடுப்பு மாத்திரம். பெடியன் காலை எடுத்து 'படகில்' வைக்கிறான், அவன் தாழ அவள் மெல்ல உயர்கிறாள். அவள் தாழ அவன் உயர்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் மிதக்கிற பாரத்தை நான் கண்டேன். பௌதிகம் சரி. பிழையே இல்லை. அதற்குமேல் அந்தப் பெடியனின் குரல் — அடியில் கரகரப்பு, அதற்கு மேலே தெளிவு.

சரி, நல்லாய்த்தான் இருந்தது. எழுதிவிட்டேன்.

முடிந்ததும் அப்பா பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். பார்க்கிங் நேரம் முடியப்போகுது என்று சொல்ல நானும் போனேன். கதவிடுக்கால் தெரிந்தது: பெட்டையாய் நடித்தவள், முகமெல்லாம் ரோசாச் சாயம், தலை நிறைய மினுக்கம், எங்கள் பிளாஸ்க் மூடியில் குடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.

அவளுக்கு அக்காவின் வயதுதான் இருக்கும்.

நான் காருக்குத் திரும்பிவிட்டேன்.

6 நவம்பர்

பேர்கனுக்கு அக்காவுக்குப் போன் எடுத்தேன். ராகவி அக்கா அங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மார்ச்சில் பிள்ளை பிறக்க இருக்கு. சொன்னதும் முதலில் சிரித்தாள். பிறகு, "அம்மாவின்ரை சீலையள் இன்னும் அலுமாரிக்குள்ளை கிடக்கு, தம்பி" என்று அழுதாள். இந்த நேரத்தில் அவளுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியாச்சு.

நீ அப்பாவோடு பொறுமையாய்க் கதை என்றாள். என்னிடம் இல்லாத ஒன்றைத்தான் கேட்கிறாள்.

19 நவம்பர்

ஜெகதீஸ்வரன் மாமா போன் எடுத்தார். அம்மாவின் அண்ணன். கொப்பர் சீனத்தி ஒருத்தியோடை திரியிறார் எண்டு கோயிலுக்கு வாற சனம் கதைக்குதாம், உண்மையோ என்றார். வேலையில் நிற்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்பதைவிட அவளிடம் சொல்வது சுலபம். அவள் எனக்கு ஆரும் இல்லை.

3 டிசெம்பர், ஞாயிறு

எழுத விருப்பம் இல்லை. எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் அப்பாவுக்கு முந்தி உள்ளே போனேன். அவள் கண்ணாடிக்கு முன்னால் தலையலங்காரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வணக்கமும் சொல்லவில்லை. காருக்குள் பாடமாக்கி வைத்ததை நொர்ஸ்கில் அப்படியே சொன்னேன்: என் அப்பா மனைவியைப் பறிகொடுத்தவர். நீங்கள் என் அக்காவின் வயது. அந்த மனுசனை வைத்து விளையாட வேண்டாம்.

அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். மேளக்காரன் கையில் குச்சியோடு எழும்பி வந்தான். அவள் புருசனாம்.

அப்போது மூலையில் உடுப்புப் பெட்டிமேல் இருந்த 'படித்த பெடியன்' குடித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தான். எங்கள் பிளாஸ்க். தொப்பியைக் கழற்றினான். புருவத்தை இழுத்துக் கட்டியிருந்த கறுத்த துணியை அவிழ்த்தான். உள்ளே வியர்வையில் ஒட்டிப்போன நரை மயிர். ஒரு பெண். அப்பாவின் வயது. அந்தக் கரகரத்த குரலில், அப்பா கதைக்கிற மாதிரியே உடைந்த நொர்ஸ்கில் சொன்னா:

"தண்ணி எனக்குக் கொண்டுவாறது. பெட்டையாய் ஆடுற மெய்க்கும் தொண்டை காயும். அவவும் குடிப்பா."

ஊரில் ஆம்பிளைகள் சீலை கட்டி ஆடுகிற கூத்துகளைப் பற்றி அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மற்றப் பக்கமாகவும் நடக்கும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. எஞ்சினியராம் எஞ்சினியர்.

திரும்பினால் கதவடியில் அப்பா. எல்லாம் கேட்டிருக்கிறார்.

பியோர்ண்டாலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். லிஃப்ட்டுக்குள்தான் வாய் திறந்தார். "என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

17 டிசெம்பர்

அப்பா கூத்தடிக்குப் போகவில்லை. ஒத்திகைகளுக்கு அவர் பஸ்ஸில் தெரியாமல் போய்வந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். இப்போது அதுவும் இல்லை. போன் அடித்தால் எடுக்காமல் எழும்பிக் குளியலறைக்குள் போகிறார். டிவியில் பனிச்சறுக்கு. அவருக்குப் பனிச்சறுக்கு பிடிக்காது.

இதைத்தானே நான் கேட்டது? நிற்பாட்ட வேண்டும் என்றுதானே போனேன்? நிண்டுட்டுது. பிறகேன் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை.

1 ஜனவரி 2007

அப்பா எட்டு மணிக்கே படுத்துவிட்டார். வாணவேடிக்கையை நான் தனியாய்ப் பார்த்தேன் — நேற்றிரவு. அவ்வளவுதான்.

14 ஜனவரி, ஞாயிறு

ஒத்திகைக்குத் தனியாய்ப் போனேன். மெய்யிடமும் புருசனிடமும் மன்னிப்புக் கேட்டேன். மெய் சிரித்துவிட்டு, தனக்கு அக்காவின் வயது என்று சொன்னதற்காகவே மன்னிக்கிறாளாம். வயது நாற்பத்தொன்றாம். புருசன் சிரிக்கவில்லை. நியாயம்.

பெடியனாய் ஆடுகிறவவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. லாவ் சுக்-யின். எல்லாரும் யின் என்கிறார்கள். மைக்கில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் போய்க்கொண்டேயிருந்தது. வயரைப் பின்தொடர்ந்து போய், இரண்டு வேறு பிளக்கில் கொடுத்திருந்ததை ஒன்றாக்கினேன். நின்றது. அதற்குள் அவ பக்கத்தில் வந்து கதிரை போட்டு இருந்தா. ஒரு கோப்பை சுடுதண்ணி நீட்டினா. வெறும் சுடுதண்ணி.

அப்பாவின் நாரி எப்படி என்றுதான் முதலில் கேட்டா. பிறகு தானே சொன்னா. பத்து வருடம் ஒரே குசினியில் அப்பா அடுப்பில், அவ காய்கறி வெட்டுகிற மேசையில். அவவின் புருசன் செத்த கிழமை அவ வேலைக்கு வந்தாவாம், கை ஓடவில்லையாம். அப்பா ஒன்றும் கேட்காமல் அடுப்பையும் பார்த்து, அவவின் மேசை வேலையையும் செய்தாராம். அம்மா செத்தபோது அவ அப்படியே திருப்பிச் செய்தா. எங்கள் வீட்டில் இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

பாஷை விளங்காத மனுசன் இதில் என்னத்தைக் கேட்கிறார் என்று கேட்டேன். எனக்கு நேரடியாய்த்தான் வரும்.

"விளங்கிறவை பிழை பிடிக்க வருவினம்," என்றா. "உங்கட அப்பா பாட்டுக் கேக்க வாறார்."

எழும்பப் போக, இன்னொன்றும் சொன்னா. தான் எனக்கு அம்மாவாக வரப்போவதில்லையாம், பயப்பட வேண்டாமாம். தன் சொந்த இரண்டு பிள்ளைகளே போதுமான தலையிடியாம்.

21 ஜனவரி, ஞாயிறு

மத்தியானம் நானே கொத்தமல்லி அவித்தேன். எவ்வளவு போடுவது என்று தெரியாது. கண்மதிப்பில் போட்டேன். சட்டி அடிப்பிடித்துப் புகை எச்சரிக்கை மணி அடித்தது. அப்பா ஓடி வந்தார் — நாரியைப் பிடித்துக்கொண்டு. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"இதைக் குடிச்சால் தொண்டை இல்லை, ஆளே போயிடும்."

முழுவதையும் சிங்குக்குள் ஊற்றினார். புதுச் சட்டி எடுத்தார். மல்லியை முதலில் வறுக்க வேண்டுமாம். வறுத்தார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு கேட்டேன். கேட்கத்தானே சொன்னவர்.

"அப்பா, உங்களுக்கு அவவிலை விருப்பமோ?"

கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார். "அதை நொர்ஸ்கிலை என்னெண்டு சொல்லுறது எண்டு எங்களுக்குத் தெரியாது, தம்பி. ரெண்டு பேருக்கும்."

"தமிழிலை?"

"தமிழிலை கொம்மாவுக்கே சொன்னதில்லை."

அஞ்சு மணிக்கு ஒத்திகை. நான்கரைக்கே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

23 ஜனவரி

ஜெகதீஸ்வரன் மாமா திரும்பவும் எடுத்தார். ஓம், உண்மை என்றேன். பேர் யின், எங்கட அப்பாவோடை வேலை செய்தவ, நல்லாய்ப் பாடுவா, ஆம்பிளை வேசம் கட்டுவா. வேறை ஏதும் தெரிய வேணுமோ மாமா என்று கேட்டேன். குளிர் எப்பிடி என்றார்.

24 பெப்ரவரி, சனி

சீனப் புதுவருட ஆட்டம். மண்டபம் நிறைந்து சனம் சுவரோடு நின்றது. காற்று இன்னும் மோசம். சங்கத் தலைவரிடம் ஒரு படம் கீறிக் கொடுத்திருக்கிறேன்: பின் ஜன்னல் இரண்டையும் திறந்து ஒரு விசிறி வைத்தால் போதும்.

பிரிவுக் காட்சி. பெடியன் கரையேறிவிட்டான், பெட்டை படகில் திரும்புகிறாள். அதுவரை கொறித்துக்கொண்டும் கதைத்துக்கொண்டும் இருந்த சனம் அப்படியே அடங்கியது. ஆரும் அடக்கச் சொல்லவில்லை. யின் முதுகைக் காட்டிக்கொண்டு பாடினா. தோள் மாத்திரம் தெரிந்தது. அறுபது வயதுப் பெண் இருபது வயதுப் பெடியனாய் நின்று, போகிறவளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது — அது தோளில் இருந்தது.

அப்பாவைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சொல் இல்லை, ராகம் மட்டும். எங்கே மூச்செடுக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. இவர் மீது கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அக்காவுக்கு இன்னும் சம்மதமில்லை. அந்த மனுசியின்ரை பேரை எனக்குச் சொல்லாதை என்கிறாள். நான் கோபத்தில் முதலில் ஊதி வைத்த நெருப்பு. அணைக்கிறதும் நான்தான் செய்ய வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை.

9 மார்ச்

பெண் பிள்ளை. சுகமாம். அப்பா அழுதார். நானும்.

12 மார்ச்

அக்கா போனில் அழுகை. அத்தானுக்கு லீவு முடிகிறது. பிள்ளை பெத்தவளுக்கு மருந்துச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்க ஆள் இல்லை. அம்மா இருந்திருந்தால் என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல?

அப்பா போனை வாங்கினார். தான் வந்து காய்ச்சுவேன் என்றார். உங்களுக்குத் தெரியுமோ என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தெரியும் என்றார். பிறகு குரலை இறக்கி, மெதுவாய், ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார்: சீனச் சனமும் பிள்ளை பெத்தவைக்கு இஞ்சியும் முட்டையும் கறுத்த வினாகிரியிலை போட்டுக் காய்ச்சிறவையாம். யின் தன்ரை மகளுக்கு மாசக்கணக்காய்க் காய்ச்சிக் குடுத்தவவாம். நீ ஓம் எண்டால் கேட்டுப் பாக்கிறன்.

அந்தப் பக்கம் என்ன சத்தம் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா "ம்" என்றார். "ம்." பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு ஜன்னலடிக்குப் போனார்.

"தம்பி," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "அவ நிறைய இஞ்சி போடுவாவோ?"

"தெரியாது. கேக்கிறன்."

"அப்பாவின்ரை நாரிக்கு இஞ்சை இருக்கிற சோபா சரிவராது. ஆர் எங்கை படுக்கிறது எண்டு அவை வந்து பாத்துக்கொள்ளட்டும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

15 மார்ச்

வேலை முடிந்து ஸ்டேஷனுக்குப் போய் பேர்கன் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். பக்கத்துப் பக்கத்து இருக்கை. எந்தப் பக்கம் வேணும் என்று கவுண்டரில் கேட்டாள். அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவர் போனை விலத்திப் பிடித்து நொர்ஸ்கில் ஏதோ கேட்டார். ஒரு கரகரத்த குரல் பதில் சொன்னது.

"இடப்பக்கமாம்," என்றார்.