மாமாவின் கல்வெட்டுக்கு எழுத்தமைப்பு

பெப். 11, திங்கள்

காலையில் மழை, பத்து மணிக்குப் பிறகு வெயில். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

மாமாவின் கல்வெட்டு வேலை தொடக்கம். வருகிற 24 ஞாயிறு முப்பத்தொன்று, மாமா செத்து முப்பத்தோராம் நாள். அன்றைக்குச் சாப்பிட வருகிற எல்லோர் கையிலும் கல்வெட்டு என்கிற இந்த நினைவுப் புத்தகம் இருக்க வேண்டும். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு ரெடி. திதி வெண்பாவை ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் எழுதித் தந்துவிட்டார். ஒரு வரி தட்டுகிறது. யார் கேட்கப்போகிறார்கள். மிச்சம் வம்சாவளி. அது என் தலையில்.

என் கணவரின் அக்கா, ரொறன்ரோ மச்சாள், சீடியில் ஒரு புரோகிராம் அனுப்பியிருக்கிறார். ஆட்களைப் பதிந்தால் அதுவே மரமாக்கித் தருமாம். இவரின் தம்பி ரவி பக்கத்திலிருந்து பெயர் சொல்ல, நான் பதிய, மாமி குசினியிலிருந்து திருத்த, பின்னேரமாகிவிட்டது.

முதல் சண்டை குடும்பப் பெயரோடு. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் போட்டேன். புரோகிராமுக்கு ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு குடும்பம் என்று நினைப்பு.

இரண்டாவது சண்டை: "குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடு" என்று ஒரு அமைப்பு, அதுவாகவே டிக் ஆகியிருந்தது. வெள்ளைக்காரனுக்கு அது சரி. எங்கள் தமிழ் எழுத்துருவில் ஒரே விசையில் பெரியதுக்கு ஒரு எழுத்து, சின்னதுக்கு வேறு எழுத்து. மாமாவின் தகப்பன் பெயர் வாயில் நுழையாத ஏதோவாக வந்தது. ரவி விழுந்து விழுந்து சிரித்தான். செத்த வீட்டில் சிரிக்கிற சத்தம் கேட்டு மாமி அகப்பையோடு வந்தார். டிக்கை எடுத்தேன், பெயர் திரும்பி வந்தது.

நாளைக்கு: பேப்பர் வாங்க. மண்ணெண்ணெய். மாமிக்கு பிறஷர் குளிசை.

பெப். 13, புதன்

மி.வெ. காலை முழுக்க. (மின்வெட்டு என்று எழுதக்கூட அலுப்பு.) கரண்ட் வந்ததும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தேன்.

"இறந்தவர் பெயருக்கு முன்" என்று ஒரு கட்டம். அதில் சிலுவைக் குறி. மாமாவின் பெயருக்கு முன்னால் சிலுவை! மாமி கண்டிருந்தால் என்னையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தலைமுழுக வைத்திருப்பார். அழித்துவிட்டு "காலஞ்சென்ற" என்று அடித்தேன். இனி ஒருவருக்கு "இறந்தவர்" பெட்டியில் டிக் போட்டால் போதும், அடைமொழி தானாக வரும். மாமாவின் தாய் தகப்பன், பெரியப்பாமார், கந்தளாயில் இருந்த சித்தப்பா, எல்லோருக்கும் அழகாக வந்தது. எனக்கே பெருமை.

இவருக்கு, என் கணவருக்கு, டிக் போடவில்லை. யோசிக்கவே இல்லை. போன ஆவணியில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர். சைக்கிள் மட்டும் வழியில், பூட்டினபடி. எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம். செத்தார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. நான் பொட்டு வைக்கிறேன். இருக்கிறவருக்கு அடைமொழி எதற்கு?

மாமி அச்செடுத்த தாளைப் பார்த்தார். "அவன்ரை பேருக்கு முன்னால ஒண்டும் இல்லை."

"ஓம் மாமி. இல்லைத்தான்."

தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமி பேசினால் பயமில்லை.

பெப். 14, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணல்.

இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர். ஒருவர் வாசலில் நின்றார். மற்றவர், கோடு போட்ட சேட்டுக்காரர், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நல்ல தமிழ். வீட்டுப் பதிவை எடுக்கச் சொன்னார், எல்லோரையும் படத்தோடு ஒப்பிட்டார்.

"மூத்தவர்?"

"காணேல்லை தம்பி," என்றார் மாமி. "முறைப்பாடு குடுத்திருக்கிறம்."

"காணேல்லை எண்டால் காட்டுக்கு, இயக்கத்துக்குப் போயிட்டார். வேற எங்க போறது?" பிறகு ரவியைப் பார்த்தார். "அண்ணனோட கதைக்கிறனீரோ?"

"இல்லை."

"கதைச்சால் சொல்லும். அவர் வருமட்டும் எங்களுக்கு நீர்தான் பொறுப்பு."

மேசையில் கிடந்த மரத்தை எடுத்தார். விரல் வைத்து வாசித்தார். தமிழ் வாசிக்கவும் வருகிறது. "இவையெல்லாம் காலஞ்சென்ற. மூத்தவருக்கு ஒண்டும் இல்லை. அப்ப, ஆள் இருக்கிறார் எண்டு நீங்களே எழுதி வைச்சிருக்கிறீங்கள்."

நான் விளக்கினேன். என்ன விளக்கினேன் என்று நினைவில்லை.

"முப்பத்தொண்டு எப்ப? ஞாயிறோ? சாப்பாட்டுக்கு வாறம். எனக்கும் ஒரு புத்தகம் எடுத்து வையுங்கோ."

போனபிறகு ரவி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தப் பார்த்தான். மூன்று தரம் விழுந்தது. வேலைக்குப் போகவில்லை.

பெப். 15, வெள்ளி

வெயில். காற்று இல்லை.

மாமி விளக்கு ஏற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"டிக்கைப் போடு பிள்ளை."

"ஏலாது மாமி."

"செத்தவனை ஒருத்தரும் தேடி வரமாட்டினம். அவனுக்காகத் தம்பியைப் பிடிக்கவும் மாட்டினம். எனக்கு ரெண்டு பெடியள். ஒண்டு எங்க எண்டு தெரியாது. மற்றது இந்தா நிக்குது."

"நீங்கள் பெத்தனீங்கள்தானே. எப்பிடி வாய் வருது?"

"பெத்தபடியாத்தான் வருது."

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டதற்கு வருத்தமும் இல்லை. மகன் இல்லையென்று சொன்னால் மாமி மாமியாகவே இருப்பார். நான் என்னவாவேன்? அதை ஒருவரும் கேட்கவில்லை.

ரொறன்ரோவிலிருந்து போன். மாமி சொல்லிவிட்டார் போலும். மச்சாள் அழுகிறார். "என்ரை தம்பியைச் சாக்காட்டாதேங்கோ! அப்பிடி அடிச்சால் இஞ்ச ஒருத்தருக்கும் புத்தகம் குடுக்கமாட்டன்." என் பக்கம்தான் பேசுகிறார். இருந்தும் எரிச்சல். இந்த வீட்டு வாசலில் ஒரு நாள் வந்து நிற்கட்டும்.

ரவியிடம் கேட்டேன். "உங்கட விருப்பம் அண்ணி," என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெப். 16, சனி

புரோகிராமின் அமைப்புகள் முழுவதையும் குடைந்தேன். எங்கேயாவது ஒரு நடுவழி இருக்கத்தானே வேண்டும்.

— அடைமொழியை எல்லோருக்கும் எடுத்தேன். செத்தவர், இருக்கிறவர் ஒரே மாதிரி. மாமி தாளைத் திருப்பித் தந்தார்: "இருக்கிற சனத்தைச் செத்த சனத்தோட கலந்து போட்டால் சொந்தக்காரர் வாசல்ல நிண்டு பேசுவினம். அந்தச் சேட்டுக்காரன் கேட்டால் என்ன சொல்லுவாய்?" சரிதான்.

— அவருக்கு மட்டும் சாய்வெழுத்து. முடியவில்லை. தனி ஆளுக்குத் தனி எழுத்துக் கிடையாது. இறந்தவருக்கு ஒன்று, இருப்பவருக்கு ஒன்று, அவ்வளவுதான். இதைச் செய்தவனின் ஊரில் மூன்றாவது வகை ஆட்கள் இல்லை.

— "இருப்பவர் விபரம் மறை." நான், மாமி, ரவி, மச்சாள், அவர், எல்லோரும் வெறும் பெட்டியானோம். செத்தவர்கள் மட்டும் பெயரோடு இருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

— அவரை மரத்திலிருந்தே நீக்கிப் பார்த்தேன். நானும் கழன்று விழுந்தேன். இந்த வீட்டில் என்னைக் கட்டிவைத்திருப்பது அவர் ஒருவர்தான். உடனே திரும்பப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. மாமியும் சாப்பிடவில்லை. ஒருவரை ஒருவர் பாராமல் சட்டிகளை மூடினோம்.

பெப். 18, திங்கள்

கடலில் காலையிலிருந்து வெடிச்சத்தம். பயிற்சி என்கிறார்கள். யன்னல் கண்ணாடி அதிர்கிறது.

அடுத்த ஒழுங்கையில் ஒரு பெடியனைக் கொண்டுபோனதாகக் கதை. அவனுடைய தமையனைத் தேடி வந்தவர்களாம். தமையன் இல்லை, இவன் இருந்தான். மாமியிடம் சொல்லக்கூடாது என்று வந்தேன். மாமி ஏற்கெனவே அறிந்து, வாசல் படலையைப் பார்த்தபடி முற்றத்தில் நின்றார். ரவி உள்ளே, சேட்டுப் போட்டு, பொக்கற்றில் அடையாள அட்டையோடு. எங்கேயும் போகிற ஆள் இல்லை. கூப்பிட்டால் எழும்ப ஆயத்தமாக இருக்கிறான்.

அதைப் பார்த்ததும் உள்ளே போய் டிக் போட்டேன்.

இறந்த திகதி கேட்டது. வெறுமையாக விட்டேன். ஏற்றுக்கொண்டது.

காலஞ்சென்ற மகேந்திரன். வரி நீண்டுவிட்டது, அவருக்குப் பக்கத்தில் இருந்த என் பெயர் கீழே போனது. எழுத்தளவைப் பதினொன்றிலிருந்து பத்தாக்கினேன். திரும்பப் பக்கத்தில் வந்தது. அதற்குப் பிறகு வாய்விட்டு அழுதேன். மாமி கதவடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நல்லது.

பெப். 19, செவ்வாய்

அச்சகத்துக்கு. சோதனைச் சாவடியில் தாள்களை விரித்துப் பார்த்தார்கள். "மே மொனவாத?" இதெல்லாம் என்னவென்று கேள்வி. செத்த வீட்டுப் புத்தகம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஆமிப் பெடியன், இருபது வயதிருக்கும், மாமாவின் படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போகச் சொன்னான்.

அச்சக நசீர் நானா மூதூர் ஆள், இவரோடு பழக்கம். மரத்தை வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இது சரிதானே?"

"ஓம் நானா."

"பிழையெண்டால் இப்ப மாத்தலாம். அச்சேறினால் ஏலாது."

"சரிதான் நானா. அடியுங்கோ."

பிளேன்ரீ எடுப்பித்தார். குடிக்க முடியவில்லை. அரைவாசியில் வைத்துவிட்டு வந்தது மரியாதை இல்லை.

பெப். 23, சனி

புத்தகம் வந்தது. நல்ல கறுப்பு. மட்டை நீலம். மாமி ஒன்றை எடுத்து மாமாவின் படத்துக்கு முன் வைத்தார். திறந்து பார்க்கவில்லை.

அரிசி, பருப்பு, வாழையிலை, பந்தல்காரன், எல்லாம் சரி. தயிர் இல்லை.

பெப். 24, ஞாயிறு

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. கிரியை எல்லாம் வீட்டில்தான். நல்ல வெயில். சனம் எதிர்பார்த்ததை விடக் கூட.

பொட்டோடுதான் நின்றேன். ஒரு அம்மா புத்தகத்தையும் என் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கட்டும்.

சேட்டுக்காரர் சொன்னபடி வந்தார். இன்று வெள்ளைச் சேட். பந்தலில் முன்வரிசைக் கதிரை. நானே புத்தகம் கொடுத்தேன். நேரே மரத்துக்குப் போனார். விரல் கீழே கீழே வந்து நின்றது. தலையை ஆட்டினார். அப்பாடா என்று இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐயர் முன்னோர் பெயர் கேட்கிற நேரம். வழக்கமாக மாமி ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்ல வேண்டும். ஐயர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "இந்த முறை வசதி. எல்லாம் ஒழுங்கா அடிச்சிருக்கு." மாமாவின் தகப்பன், பாட்டன் என்று வாசித்து, ரவி எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டு வந்தான். பிறகு ஐயர் அடுத்த வரிக்கு வந்தார்.

"மகேந்திரன். காலஞ்சென்ற எண்டு போட்டிருக்கு. மகன்தானே? இவருக்குக் கிரியை செய்தாச்சோ?"

ஐயர் தண்ணீர்ச் செம்பை ரவி பக்கம் நகர்த்தினார்.

"செய்யேல்லையெண்டால் தகப்பன்ரையோட சேர்த்து விடலாம். பிள்ளையள் இல்லையெண்டால் தம்பி செய்யலாம். என்ன திதி?"

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. டிக் போடச் சொன்ன மாமிக்கும் இல்லை, போட்ட எனக்கும் இல்லை. காலஞ்சென்ற என்றால் ஐயர் தண்ணீர் விடச் சொல்வார் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

சேட்டுக்காரர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். ஐயரைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

மாமி ரவியைப் பார்த்தார். ரவி விரலில் தர்ப்பையோடு, கை நனைந்தபடி, என்னைப் பார்த்தான்.

"ஆவணி," என்றேன். "அபரபக்கச் சதுர்த்தி."

எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன நாள். ஐயர் அதை மந்திரத்தில் சேர்த்தார், பெயரைச் சேர்த்தார். ரவி தண்ணீர் விட்டான். தாம்பாளத்தில் விழுந்த சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடவில்லை.

சேட்டுக்காரர் இருந்து சாப்பிட்டார். பாயாசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். போகும்போது ரவியின் தோளில் தட்டி, "இனிப் பயப்பிடாமல் வேலைக்குப் போம்," என்றார்.

சனம் போய்விட்டது. பாத்திரம் கழுவும்போது மாமி கேட்டார்.

"சதுர்த்தி எண்டு எப்பிடி உடனே சொன்னனீ?"

"அண்டைக்கு உங்களுக்கு விரதம். அவருக்கு மீன் காய்ச்சிக் குடுக்கேல்லை."

"ஓம்," என்றார் மாமி. "குடுக்கேல்லை." கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். அவர் அழுததை இன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

இருட்டப்போகிறது, இவர் வேலை முடிந்து வருகிற நேரம். ரவி பூட்டை எடுத்துக்கொண்டு படலையைப் பூட்டப் போனான். கொஞ்சம் பொறு என்றேன்.