லாமுனுவோட உள்ளங்கை வெளுத்திருச்சு

லாமுனு அப்பா,

நர்ஸ் வந்து பிள்ளை கண்ணை இழுத்துப் பாத்தா. ரத்தம் ஏத்தணுமாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்.

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாச்சு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தல, அப்புறம் உள்ளங்கை எப்படி வெளுக்கும்? மலேரியாக் கிருமி ரத்தத்துக்குள்ளயே இருந்து அணுவை உடைக்குதாம். என் மண்டையில ஏறல. காய்ச்சலப்ப நீங்க பிள்ளை விரல்ல குத்தி டெஸ்ட் எடுக்க விட்டதாலதான் ரத்தம் போச்சுன்னு காலைல கத்தினேனே, அது தப்போ?

மலாக்குவாங் கீரை பானையில இருக்கு. சாப்பிட்டுட்டு வாங்க, உங்க ரத்தம் கேட்டாலும் கேப்பாங்க.

உங்க அடோச்

உப்பு டப்பாவுல பிள்ளையோட மலேரியா மாத்திரையில பாதி இருக்கு. காய்ச்சல் விட்டதும் அடுத்த தடவைக்கு ஆகுமேன்னு எடுத்து வெச்சேன், எல்லாரும் வைக்கிறதுதானே. முழுசும் குடுத்தியான்னு நர்ஸ் கேட்டா. ஆமான்னுட்டேன். டப்பாவோட வாங்க, நானே காட்டிடறேன்.