வெட்ட மறுத்த அத்தியாயம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சானுக்கு லமியாவின் ஸலாம்.

நானும் மாமியும் நலம். தோஹா போனதும் பிடித்த அந்த இருமல் உங்களுக்கு விட்டதா? போனில் என் ஆய்வுப் பேச்சை எடுத்தாலே பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கொச்சங்காடி சுக்குக் குடோனில்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. சரக்கு இறங்கி, தரம் பிரித்து, மூட்டையாகி லாரி ஏறும்வரை எங்கும் தேங்காமல் வேலையை எப்படி அடுக்குவது என்பதே என் கேள்வி. நான் போட்டுக் கொடுத்த திட்டத்தில் லாரிகள் காத்துக் கிடப்பது நின்றது. முதலாளி எங்கள் துறைக்கே பிரியாணி அனுப்பினார்.

பிறகு ஒருநாள் போனபோது, திட்டத்தில் நான் வைத்திருந்த ஓய்வு நேரத்தை மேஸ்திரி நீக்கியிருந்தார். கக்கூஸ் போனாலும் கேள்வி. சுக்கு பிரிக்கும் பெண்கள் அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். விருதுநகர்க்காரர் சீனியம்மாள் அக்கா காய்ச்சலோடு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். சிறுநீரகம்வரை கிருமி ஏறிவிட்டதாம்.

இதை ஓர் அத்தியாயமாக எழுதினேன். அதை வெட்டினால்தான் குடோன் விவரங்களை ஆய்வில் சேர்க்க அனுமதி என்றார் முதலாளி. என் வழிகாட்டி விஸ்வநாத் சாரும், "இது நம்ம சப்ஜெக்ட் இல்லம்மா. எடுத்துட்டா மே மாசம் நீ டாக்டர்" என்றார். நீங்களும் அதையே சொன்னீர்கள்.

வியாழக்கிழமை ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிட்டேன். மனிதர்கள் செய்யும் வேலையில் மனித உடம்பைக் கழித்தால் வேகம் வரத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிப்பு என்று என் பெயரில் போட மாட்டேன் என்றேன். மறுநாளே குடோன் கதவை எனக்கு அடைத்துவிட்டார்கள். பட்டம் ஒரு வருஷமாவது தள்ளிப்போகும்.

இன்று காலை சீனியம்மாள் அக்கா இன்னும் சில பெண்களோடு நம் வீட்டுக்கே வந்தார். வேலை போய்விடுமே என்றேன். "குடோனு அவுகளது தாயி. எங்க வாயும் அவுகளதா? நீ எழுது" என்றார். மாமி முதலில் முகம் கொடுக்கவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டபடியே இருந்தவர், எழுந்துபோய் எல்லோருக்கும் சாயா போட்டுக் கொண்டுவந்தார். "ஒண்ணும் விடாம எழுதணும், கேட்டோ" என்றார் என்னிடம்.

இவர்கள் சொல்வதிலிருந்தே ஆய்வைத் திரும்பத் தொடங்குகிறேன். விஸ்வநாத் சார் கையெழுத்துப் போடுவாரா தெரியாது. போடாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடுவேன்.

பட்டம் வாங்கியதும் நான் தோஹா வருவதற்காக நீங்கள் அலைந்து எடுத்த விசா வீணாகும். அது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் வெட்ட மாட்டேன்.

கோபமிருந்தால் திட்டுங்கள் மச்சான். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அல்லாஹ் உங்கள் உடம்பையும் மனதையும் நலமாக வைக்கட்டும்.

என்றும் உங்கள்,
லமியா