மடக்கினால்தான் தெரியும்

அக்கா,

இன்று காலை ஆங் மோ கியோ கிளினிக்கில் ஸ்கேன் எடுக்கப் படுத்திருந்தேன். இப்போது என் முறை, என் முட்டி. ஜெல் சில்லென்று பட்டது. "ஆன்ட்டி, காலை நல்லா மடக்குங்க, அப்பத்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இதை வேறு யாரிடம் சொல்ல?

எண்பதுகளின் நடுவில் நான் நம் பழைய மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தேன். நீங்கள் அதே மாடியில் துப்புரவு வேலை. குந்தி உட்கார்ந்து தரை தேய்த்தே உங்கள் வலது முட்டி கெட்டுப்போயிருந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. அது போதாதா? மேற்பார்வையாளர் 'நடிப்புக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார். இன்னொரு முறை லீவு கேட்டால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

"வேலை போனாக்கூடப் பரவால்ல லா. பொய் சொல்றேன்னு சொல்றாங்களே, அதான் தாங்கல" என்று என் அறை வாசலில் நின்று அழுதீர்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் காக்கும் குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில் தெரியுமா என்று பார்க்கலாமே என எலும்பு டாக்டரிடம் கேட்டேன். அவர் நம் தமிழர்தான். "அது பிள்ளைத்தாச்சிகளுக்கு உள்ள மெஷின் இல்லையா?" என்று சிரித்தாலும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அன்று கர்ப்பிணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்திலிருந்த பெண் எத்தனை மாதம் என்று கேட்க, "முட்டிக்கு ரெண்டு வருஷம்மா" என்றீர்கள். பெஞ்சே குலுங்கியது.

உள்ளே நான் காலை நீட்டச் சொல்லி, கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினேன். முட்டிச்சில்லு எல்லாவற்றையும் மறைத்தது. அரைமணி நேரம் போயிற்று. இனி முடியாது என்று ஜெல்லைத் துடைக்கப் போனேன்.

"நீட்டினா எனக்கு வலிக்கவே இல்லையேம்மா. மடக்கினாத்தானே வலி? வலிக்கும்போது பாக்காம, சும்மா இருக்கும்போது பாத்து என்ன செய்ய?"

பல்லைக் கடித்துக்கொண்டு நீங்களே முட்டியை முழுக்க மடக்கினீர்கள். சில்லு கீழே இறங்கியது. திரையில் எலும்பின் மேல் கறுப்பாக ஒரு பட்டை வந்தது. குருத்தெலும்பு! இடது முட்டியை மடக்கிப் பார்த்தால் பட்டை தடிமனாக, ஒரே சீராக இருந்தது. வலதில் மெலிந்து, ஓரம் கலைந்து, ஓரிடத்தில் இல்லவே இல்லை.

"அக்கா, நீங்க பொய் சொல்லல."

"அது எனக்குத் தெரியும். அவங்ககிட்டச் சொல்லு."

படங்களை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் நெடுநேரம் பார்த்தார். குந்தும் வேலை கூடாது என்று கடிதம் எழுதினார். நீங்கள் துணி மடிக்கும் பிரிவுக்குப் போனீர்கள். வலி முழுக்கத் தீரவில்லைதான். ஆனால் அந்தப் பெயர் அதோடு ஒழிந்தது.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ முட்டிகளைப் பார்த்தேன். எப்படிச் செய்தால் வலிக்கிறது, நீங்களே காட்டுங்கள் என்று கேட்காமல் ஒருநாளும் கருவியைத் தொட்டதில்லை. யாரிடம் கற்றாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் உங்கள் பெயரைச் சொன்னேன். கர்வத்தோடுதான் சொன்னேன்.

அன்று படங்களைப் பார்த்த டாக்டரும் அதைத்தான் கேட்டார். மடக்கிப் பார்க்கச் சொன்னது எந்த டாக்டர் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நான்தான் டாக்டர் சொன்னேன். முட்டி என்னோடதுதானே."