இடது பக்கம் உயர்ந்த சீட்

மார்ச் 4

டிரைவர் ஐயாவுக்கு,

வணக்கம். லாரி ஆபீஸில் நீங்கள் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. சீட் கோணலாக இருக்கிறதாம், இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம், தைத்தவளே பிரித்துச் சரிசெய்து தர வேண்டுமாம். ஆபீஸ்காரர் உங்களிடம் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்களுக்கு முன்னால் அந்த லாரியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

அது கோணல் இல்லை. லோடு இறக்கும்போது இரும்பு சரிந்து விழுந்து அவருக்கு இடது இடுப்பு இறங்கிப்போய்விட்டது. இனி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். ஓட்டலாம் என்றேன் நான். வாசலில் மணலைக் கொட்டி, நனைத்து, அதன்மேல் அவரை உட்காரச் சொன்னேன். எழுந்ததும் மணலில் விழுகிற பள்ளத்தைப் பார்த்துத்தான் நான் எந்த சீட்டையும் தைப்பது. டேப் வைத்தால் அகலம் தெரியும், வலிக்கிற இடம் தெரியாது.

கடைசியில் அந்த சீட்டில் இருந்தபடியே போனார். நெஞ்சு அடைத்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

அவர் துணிமணியை எல்லாம் கொழுந்தனார் எடுத்துக் கொடுத்துவிட்டார். கட்டில் மெத்தையையும் மாற்றிவிட்டார்கள். அவர் இருந்த தடம் வீட்டில் எங்கேயும் இல்லை. அந்த சீட்டில் மட்டும் இருக்கிறது. அதனால் அதை நானும் பிரிக்க மாட்டேன், நீங்களும் வேறு கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதுகு வலித்தால் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

கோபமாக எழுதியிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. என் எழுத்து எப்படி எழுதினாலும் முறைத்துக்கொண்டுதான் நிற்கும்.

இப்படிக்கு,
சீட் கவர் தைக்கிறவள்


மார்ச் 21

அக்காவுக்கு வணக்கம்.

தெரியாமல் கேட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும். சீட்டை யாரும் தொட மாட்டார்கள். எனக்கு முதுகுவலியெல்லாம் இல்லை, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டிய இடம் என் ரூட்டில்தான் வருகிறது. அந்த இடம் வந்ததும் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறேன். அது தப்பா அக்கா?

நேரில் பேசலாம் என்றால் உங்களிடம் போன் இல்லை என்றார் ஆபீஸ்காரர். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லாரி டிரைவர்


ஏப்ரல் 9

டிரைவர் ஐயாவுக்கு,

தப்பு இல்லை. ஆனால் ஹாரன் வேண்டாம். அவருக்கு அந்தச் சத்தமே ஆகாது. எதிரே மாடு நின்றால்கூட இறங்கிப்போய்ப் பேசிப்பார்க்கிற மனுஷன். ஒரு தடவை லைட் போட்டு அணையுங்கள், போதும்.

போன் இருந்தது. அதில்தான் அந்தச் செய்தி வந்தது. அப்புறம் அது மணி அடித்தாலே அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுவேன். கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டேன். கடிதம்தான் நல்லது. வந்து சத்தம் போடாமல் கிடக்கும், நாம் எடுக்கிறபோது எடுக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். அவர் கடைசியாக நிறுத்தியது எப்போதும் நிறுத்துகிற இடம்தானாம், அங்கே ஒரு ஏரி இருக்கிறது இல்லையா? கொக்கு கூட்டம் கூட்டமாக வருமாம், காற்று சிலுசிலுவென்று அடிக்குமாம். அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டினதில்லை. ஊரில் ஓடுகிற பாதி லாரிக்கு நான்தான் சீட் தைத்தேன், ஒரு லாரியிலும் ஏறி எங்கேயும் போனதில்லை. அந்த ஏரி எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். கடைசியாக நல்ல இடத்தில்தான் இருந்தார் என்று நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும்.

இப்படிக்கு,
சீட் கவர் தைக்கிறவள்


மே 2

அக்காவுக்கு,

ஏரி இருக்கிறது. பெரிய ஏரி. கொக்கும் இருக்கிறது. காற்றும் நன்றாக அடிக்கிறது.

லைட் போட்டு அணைத்தேன்.

இப்படிக்கு,
லாரி டிரைவர்


மே 15

டிரைவர் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. ஊசி ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். அந்த ஏரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அடுத்த லோடு அந்தப் பக்கம் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா?

அவரைப் பெற்ற அத்தை என்னோடுதான் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "தனியா போவியா? நாலு பேர் என்ன பேசுவாங்க? நானும் வரேன். ஜன்னல் பக்கம் எனக்கு" என்கிறார். நாலு பேருக்காக வருகிறாரா, ஜன்னலுக்காக வருகிறாரா தெரியவில்லை.

முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சீட் கவர் தைக்கிறவள்


ஜூன் 20

டிரைவர் ஐயாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் இன்னும் ஓயவில்லை.

வழியெல்லாம் உங்கள் முகம் ஏன் அப்படிப் பேயறைந்த மாதிரி இருந்தது என்று வண்டி நின்ற பிறகுதான் புரிந்தது. லாரியை ஏற்றி எடை போடுகிற ஒரு மேடை. ஒரு தகரக் கொட்டகை. சிமெண்டுத் தூசி மூடிய நாலு செடி. சொட்டுகிற ஒரு குழாய். இதுவா ஏரி என்று நான் திருதிருவென்று முழிக்கிறேன், எடை போடுகிறவர் வந்து நிற்கிறார். "அண்ணன் வீட்டம்மாவா? அவரு இந்தக் கொட்டகையிலதாம்மா படுப்பாரு. வீட்ல ஏரின்னு சொல்லி வச்சிருக்கேன், யாராச்சும் கேட்டா நீங்களும் ஏரின்னே சொல்லுங்கப்பான்னு சிரிப்பாரு" என்கிறார்.

அத்தை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கயாடா கொக்கு வந்துச்சு? புளுகுறதுல அவங்கப்பனையே மிஞ்சிட்டான்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்று, டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு நேரம் தட்ட அதில் ஒன்றும் இல்லை.

நான் வருத்தப்படுவேன் என்று அவர் ஒரு ஏரியைச் சொன்னார். அது வற்றிவிடக் கூடாது என்று நீங்கள் அதில் தண்ணீர் ஊற்றினீர்கள். எனக்காக இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து ஒரு ஏரியே வெட்டியிருக்கிறீர்கள். உங்களை எப்படித் திட்டுவது?

ஆனால் ஒன்றுக்குத் திட்டத்தான் போகிறேன். வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிராமல், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் பார்த்தேன். சீட்டில் வலது பக்கம் சாக்கை மடித்துச் செருகியிருந்ததையும் பார்த்தேன். ஒருத்தர் வலி போகத் தைத்த சீட் இன்னொருத்தருக்கு வலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வலி இல்லை என்று ஏன் எழுதினீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். பிரித்துத் தருகிறேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இன்னொன்று. திரும்பி வரும்போது விடிகிற நேரத்தில், உயரத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேனே, அப்போது நான் யாரையும் நினைக்கவில்லை. ரோடு வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

இப்படிக்கு,
சீட் கவர் தைக்கிறவள்


ஜூலை 3

வணக்கம்.

வலி உண்டு. பொய் சொன்னேன்.

என் மனைவி தவறிப்போய் ஏழு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு வீடு என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை, வண்டியிலேயே கிடக்கிறேன். "சாப்பிட்டியா" என்று கேட்க ஓட்டல்காரர்தான். அவரும் டோக்கனைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று மறுபடி அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஒருத்தருடைய வலியை ஒருத்தி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்துத் தைத்திருக்கிறாள் என்று தோன்றியது. எனக்குத் தைத்தது இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதில் உட்கார்ந்திருக்கப் பிடித்தது. வலித்தாலும் பிடித்தது.

நீங்கள் ரோட்டைப் பார்த்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நானும் கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

சீட் அப்படியே இருக்கட்டும். பிரேக் வேலைக்காக வண்டி உங்கள் ஊர் பட்டறையில் நிற்கிறது. இந்த மாதக் கடைசியில் எடுக்க வருவேன். உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
டிரைவர்


ஜூலை 18

டிரைவருக்கு,

இந்தத் தடவை நீங்கள் அக்கா என்று எழுதவில்லை. கவனித்தேன். நானும் ஐயாவை விட்டுவிட்டேன், பாருங்கள்.

பட்டறைக்குப் போய் சீட்டை நானே கழற்றி வந்துவிட்டேன். மேஸ்திரி தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார், விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் அத்தை சுற்றிச் சுற்றி வருகிறார், தொடவில்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "இப்படியே வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற? பூட்டியா வைப்ப?" என்றார். "அந்தப் பையன் கூன் விழுந்துல்ல இறங்குறான். பார்த்துட்டு வந்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து கத்திரிக்கோலை எடுத்து நீட்டியதும் அவர்தான்.

முதல் தையலைப் பிரிக்கத்தான் கை வரவில்லை. அப்புறம் வந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன் தெரியுமா? பஞ்சு இருந்தது. பஞ்சுத் தூள் இருந்தது. கையை விட்டு மூலை வரைக்கும் துழாவினேன். அவர் அதற்குள் இல்லை. கையை வெளியே எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

பஞ்சைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. உங்கள் பக்கத்து சீட் வெறும் பலகை, போய்வந்த எனக்குத் தெரியும். அதில் இந்தப் பஞ்சை வைக்கப்போகிறேன். அதற்கு அளவு வேண்டுமே என்று நானே மணலில் உட்கார்ந்து எழுந்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள், என் அளவை எடுத்ததே இல்லை. திரும்பிப் பார்த்தால் நடுவில் ஆழமாக ஒரு பள்ளம். நான் இவ்வளவு கனமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒன்றுமில்லாமல் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்து உயரத்தை வெட்டிச் சமன் செய்து எனக்குத் தைத்துவிட்டேன். ஜன்னலை அத்தைக்கு விடுவதாக இல்லை, அவரிடம் சொல்லியாகிவிட்டது. "எனக்கெதுக்கு, கொக்கா பார்க்கப்போறேன்" என்கிறார்.

உங்கள் சீட்டுக்குப் புதுப் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் வெட்டவில்லை. மாதக் கடைசி வரைக்கும் ஏன் இருக்க வேண்டும்? வாசலில் மணல் கொட்டியிருக்கிறது. காயக் காய நனைத்துக்கொண்டிருக்கிறேன். வந்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
நான்