ஆள் தெரியாத காவல்

மதினி,

இன்று காலை, காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த ஒரு சிறுநீர்க் குப்பியில் நுரை நின்றது. சாதாரண நுரை கொஞ்ச நேரத்தில் உடைந்துவிடும். இது விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடங்காமல் நின்றது. நம் ஒக்கூர் வீட்டுக் குளியலறையிலிருந்து, "இங்குட்டு வந்து பாரு புள்ள, பொங்கப்பானை மாதிரி பொங்குது" என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

பாப்பா பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உங்கள் கால் வீங்கியிருந்தது. "பிள்ளை பெத்த உடம்பு, நீர் தானா வத்திரும்" என்றார் அம்மா. வீட்டுக்கு வந்தவர்கள் உங்கள் உப்பிய முகத்தைப் பார்த்து, "நல்லாச் சதை போட்டிருக்கா" என்று மகிழ்ந்தார்கள். நுரையைப் பார்த்த பிறகுதான் அண்ணன் உங்களை மதுரைக்கு அழைத்துப் போனார். வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்தி என்பதால் என்னையும் கூட்டிப் போனார்.

சிறுநீரகத்தில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "லூபஸ். வெள்ளையணுக்களில் ஒரு வகை, இவங்க உடம்புக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்யுது. அது சிறுநீரக வடிகட்டியில போய்ப் படியுது. படிஞ்ச இடத்துக்கு மத்த அணுக்களும் கூட்டமா வந்து புண்ணாக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாம் புரிந்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "வந்த புதுசுல உங்க மணி என்னைப் படுத்துன பாடுதானே இது?"

மணி நம் வீட்டு நாய். கல்யாணமாகி வந்த உங்களை அது வாசல் தாண்டவிடவில்லை. அப்பா உங்கள் கையால் சோறு போடச் சொன்னார். உங்கள் பழைய சேலையை அது படுக்கும் இடத்தில் விரித்துப்போட்டார். வாசனை பழகும்வரை பகலெல்லாம் கட்டியே வைத்திருந்தார்.

"எனக்குள்ளயும் அதேதான் புள்ள. காவலுக்கு இருக்கிறது ஆள் தெரியாமக் கடிக்குது. உள்ள போய்ச் சேலை விரிக்க முடியாது. அதான் மாத்திரையால கட்டிப் போடச் சொல்றாக."

நான் படித்த பாடத்தை இவ்வளவு சுலபமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு சிங்கம்புணரியிலிருந்து பெரியப்பா வந்தார், ஒரு பெரிய டப்பா நிறையக் கசாயப் பொடியோடு. உங்கள் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். "ஊரே எதிர்ப்பு சக்தி வேணும்னு அலையுது. நீங்க அதைக் குறைக்க மாத்திரை திங்கிறீக. கூறு இருக்கா உங்களுக்கு? நிறுத்துங்க அதை" என்றார். அம்மா பொடியைக் கலக்கிக்கொண்டு வந்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

அந்தப் பார்வைக்காகத்தான் பேசினேன்.

"வேணாம் பெரியப்பா. மதினிக்கு அது குறைஞ்சு போகல. கூடிப்போய்த் தறிகெட்டு நிக்குது. கடிக்கிற நாய்க்குக் கறி போட்டு வளப்பீகளா?"

முதலில் சிரித்தது நீங்கள்தான். "அடி ஆத்தீ, இவளுக்குப் பேச வருமா!" என்ற பெரியப்பா, டம்ளரை வாங்கித் தானே குடித்து முகத்தைச் சுளித்தார்.

மாத்திரை தொடர்ந்தது. வீக்கம் வடிந்தது, நுரையும் குறைந்தது. மாத்திரையால் உருண்டுபோன முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, "நிலாவைக் காட்டிச் சோறூட்ட நான் வெளிய போகவே வேணாம்" என்பீர்கள். பாப்பா உங்கள் விரலைப் பிடித்து நடந்தாள். உங்கள் சேலையை இழுத்துப் பேசப் பழகினாள்.

ஆனால் கட்டிப்போட்ட காவலுக்கும் ஒரு விலை உண்டு என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு நடுவே சொன்னீர்கள்: "நாயைக் கட்டிப் போட்டீக, திருடன் வந்துட்டான்னு பெரிய மாமா சொல்வாரு. நீ பழையபடி சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்காத. கட்டாம விட்டிருந்தா வீடு எப்பவோ போயிருக்கும். பாப்பா அம்மான்னு கூப்பிட்டதையே நான் கேட்டிருக்க மாட்டேன். அதைச் சொல்லு."

நீங்கள் கண்மூடிய அன்று பெரியப்பா அப்படியேதான் சொன்னார், மதினி. கோபமாக அல்ல, துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதபடி. நான் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

நுண்ணோக்கியில் வெள்ளையணுக்களைத் தினமும் பார்க்கிறேன். அவற்றை வெறுக்க முடியவில்லை. போன வாரம் பாப்பா விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அந்தக் காயத்தைச் சுற்றிக் காவல் நின்று ஆற்றியதும் அவைதான்.

இன்றைய குப்பியிலும் சிவப்பணுக்களும் வெள்ளையணுக்களும் நிறைந்து கிடந்தன. வெளியே பெஞ்சில், கிட்டத்தட்ட உங்கள் வயதில் ஒரு பெண். செருப்பின் வார் அவள் காலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் மாமியார், "எல்லாம் வெயில் சூடு. எளநி குடிச்சா அடங்கிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிவுத்தாளை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவதுதான் என் வழக்கம். இன்று கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

"எளநி இருக்கட்டும்மா. இன்னைக்கே டாக்டர்ட்டக் காட்டுங்க. நாளைக்குன்னு தள்ளாதீக. என்னன்னு அவுகதான் சொல்லணும்."

அந்தப் பெண் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெள்ளையணு கூடுதலா இருக்குன்னு போட்டிருக்கே. அது நல்லதுதானேக்கா? நம்மளக் காப்பாத்துறதுதானே?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்க வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டேன்.