அமைச்சர் சொன்னார், மச்சான் சுவரை உடைத்தார்

என் மல்லிகா அக்காவுக்கு, போன பிறகும் என் நாளில் பாதியை எடுத்துக்கொள்கிறவளுக்கு,

தேர்தலுக்குச் சில வாரம் முன்பே கண்ணை மூடிவிட்டாய். யார் வென்றார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது. நீ யாரையெல்லாம் திட்டிக்கொண்டே போய் அவர்களுக்கே ஓட்டுப் போடுவாயோ, அவர்கள் எல்லோரும் தோற்றுப்போனார்கள். புது ஆட்சி, புது முகங்கள். வந்ததிலிருந்து அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு. அமைச்சர்களுக்குப் பெரிய பங்களா கிடையாதாம். பின்னால் வாகன ஊர்வலம் கிடையாதாம். பஸ்ஸின் முன்கண்ணாடியில் தொங்கும் மாலை, பொம்மை எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். மடுல்சீமை பஸ் டிரைவர் பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். கேட்டால், "அவரு அலங்காரம் இல்லீங்க, பிரேக்கே அவர நம்பித்தான் இருக்கு" என்கிறார்.

நீ இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு முழுதாக வருவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. எல்லாம் உன் வீட்டை நினைத்துத்தான்.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறை யாருக்கும் சொந்தமில்லை. வீட்டுக்கு ஓர் ஆளாவது தோட்ட வேலையில் பெயர் பதிந்திருக்க வேண்டும். விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அந்த ஆள் போய் நிற்க வேண்டும். அப்போதுதான் தலைக்கு மேல் கூரை. உன் வீட்டுக்காரர், என் மச்சான், ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆள் நீதான். இருமிக்கொண்டே மழையிலும் கொழுந்து பறிக்கப் போனாயே, அது கூடைக்காக அல்ல, கூரைக்காக. நீ போன பிறகு உன் இடத்தில் யாரும் நிற்கவில்லை. துக்க வீடு என்று கொஞ்ச காலம் சும்மா விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, தோட்டத்து மக்கள் குடியிருக்கும் வீடும் நிலமும் அவர்களுக்கே சொந்தமாக்கப்படும் என்றார். பதுளையில் என் வாடகை அறையில் இருந்து நானும் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வரும் கட்டளைகளைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. அமைச்சர் வாயிலிருந்து வருவது வேறு, சுற்றறிக்கையாகி என் மேசைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மழைக்காலம் போகும் என்று கச்சேரியில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

மச்சானுக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரியும்? மறுநாள் காலையே அலவாங்கு என்கிற கடப்பாரையை எடுத்தார். பின்சுவரை உடைத்து உனக்கு ஒரு ஜன்னல் வைத்துவிட்டார்.

எத்தனை காலம் கேட்டிருப்பாய் அந்த ஜன்னலை! அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றும். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாய். அவர் என்ன சொல்வார்? "நம்ம வீடா இது, நெனச்சபடி ஒடைக்க?" தோட்டத்தில் அனுமதி கேட்காமல் ஆணி அடிக்கவே பயந்த மனிதர். அவர்தான் அன்று எனக்குப் போன் எடுத்துக் கத்தினார்: "மாப்புள, வெளிச்சம் வந்திருச்சு! ஒங்க அக்கா படத்து மேலயே வெயிலு விழுது. லீவு போட்டுட்டு வந்து பாருங்க!"

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எப்படித் திட்டுவது? உனக்குத்தான் வாய் வரும், எனக்கு வரவில்லை.

அந்த வாரமே வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு தோட்டத்தை நடத்தும் துரை, மச்சானை ஆபிசுக்குக் கூப்பிட்டு, சுவரை அடைக்கச் சொன்னார். கூடவே, "அந்த வீட்டுல இருந்து இப்ப யாரு வேலைக்கு வாராங்க?" என்று கேட்டார். வீடு நமக்கே என்று அரசாங்கம் சொல்லிவிட்டதே என்றிருக்கிறார் மச்சான். தனக்கு அப்படி எந்த உத்தரவும் வரவில்லை என்றார் துரை. அவர் சொன்னது உண்மைதான் அக்கா. வந்திருந்தால் என் கையைத் தாண்டித்தானே வந்திருக்கும்.

அடுத்து உன் மகள் கௌசி போனில் பேசினாள். "மாமா, திங்கக்கெழம பெரட்டுல நான் பேர் குடுக்கப் போறேன்."

உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கிற பிள்ளை! ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பசறை தாண்டியும் கண் மூடவில்லை. எப்போதும் தூங்கிக்கொண்டே போகிற பாதை அது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஜன்னல்தான். சட்டம் இல்லை, கம்பி இல்லை, ஓரமெல்லாம் கோணல். ஆனால் வீட்டில் புகை இல்லை. சண்டை போட வந்தவன் முதலில் அந்தக் கோணல் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

"இன்டர்வியூ வருதுல்ல கௌசி?" என்றேன்.

"வரட்டும் மாமா. வீடு போனா எந்த வெலாசத்துக்கு அந்தக் கடிதம் வரும்?"

"அவ போகவேணாம், நான் போறேன் பெரட்டுக்கு" என்றார் மச்சான். "சொவத்த ஒடைச்சவன் நான்தானே."

"ஒங்க முட்டிய வச்சுக்கிட்டு மலையேறுவீங்களாப்பா?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்புள, நீங்க கச்சேரியில இருக்கிற ஆளு. ஒரே வார்த்தையில சொல்லுங்க. அமைச்சர் சொன்னது நெசமா, பொய்யா?"

"நெசமாத்தான் சொல்லியிருக்காங்க மச்சான். ஆனா இன்னும் வரல்ல."

"நெசம்னா வராம எப்புடி?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இந்த அரசாங்கத்தின்மேல் எனக்கு வெறுப்பு இல்லை அக்கா. முன்பிருந்தவர்கள் மேடையில் மட்டும் நம் பேரைச் சொன்னார்கள், இவர்கள் வென்ற பிறகும் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. யாரையும் நம்பாத காலத்தில் நம் ஆட்கள் யாரும் சுவரை உடைக்கவில்லையே. நம்ப வைத்தவர்களுக்கு அந்தத் துரையின் முன்னால் நின்ற மச்சானைத் தெரியுமா? தெரிந்தால் கொஞ்சம் சீக்கிரம் எழுதி அனுப்புவார்களா?

இப்படி நாங்கள் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும்போது, பக்கத்து அறைப் பாக்கியம் வந்தாள். ஆமாம், தண்ணீர்க் குழாயடியில் உன்னோடு குடுமிப்பிடிச் சண்டை போடுவாளே, அவளேதான். உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தாள். கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். உன் படத்தையும் பார்த்தாள். "அலவாங்க கொஞ்சம் தாங்கண்ணே" என்றாள். கல் ஏதும் பெயர்க்கத்தான் கேட்கிறாள் என்று மச்சான் எடுத்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் நம் சுவர் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாக்கியம் தன் பின்சுவரைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"பைத்தியமா ஒனக்கு?" என்று மச்சான் அலறினார்.

"ஒரு சொவருன்னா அடைக்கச் சொல்லுவாங்க. லயமே ஒடைஞ்சா, யாருகிட்டண்ணே சொல்லுவாங்க? மல்லிகா இருமுனது ராவெல்லாம் எனக்கும்தான் கேட்டுச்சு. நானும் அதே பொகையிலதான் கெடக்கேன்."

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அலவாங்கு அடுத்த அறைக்குப் போயிருந்தது.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் கௌசி நிற்கவில்லை. அவளுக்காகப் பாக்கியம் பேசினாளாம். "அடைக்கிறதுன்னா எல்லாத்தையும் அடைங்க சார். வெளியில போகச் சொல்றதுன்னா எல்லாரையும் சொல்லுங்க, நாங்க கூடையோட இங்கயே நிக்கிறோம்." மற்றப் பெண்கள் யாரும் மலைக்கு நகரவில்லையாம். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று துரை போய்விட்டார். இன்னும் சொல்லவில்லை. நல்லதாகவும் முடியலாம், மொத்த லயத்துக்கும் வினையாகவும் முடியலாம். என் மேசைக்கு வரும் ஒவ்வொரு உறையையும் வந்த கையோடு கிழித்துப் பார்க்கிறேன். நேற்று வந்தது டெங்கு நுளம்பு ஒழிப்பு பற்றி.

இனிச் சும்மா காத்திருக்க என்னால் முடியாது. அந்த உத்தரவு எப்போது வரும் என்று நாளைக்கு நானே அமைச்சருக்கு எழுதிக் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளனாக அல்ல, தோட்டத்து லயத்தில் பிறந்தவனாக, என் பெயரைப் போட்டு. வேலைக்கு ஏதும் ஆனால் ஆகட்டும். வீடு போனாலும் மச்சானும் கௌசியும் என்னோடு வந்து இருக்கட்டும், இடம் பத்தாவிட்டால் நெருங்கிப் படுத்துக்கொள்வோம். உன் மகளின் பெயர் பெரட்டில் ஏறாது அக்கா. அந்தச் சுவரை அடைப்பதென்றால் அடைக்கிறவர்களே வந்து அடைக்கட்டும், நாங்கள் யாரும் அதற்கு ஒரு பிடி மண்கூடக் குழைத்துக் கொடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்.